மரக்காணம் கடற்கரைக் காடும் மருக்காரையும்

மருக்காரை, காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த இலையுதிர் முட்புதர் ஆகும். கோடையின் தொடக்கத்தில் பூக்கும். மணமுள்ள வெண்மலர்கள் பின்னர் மஞ்சளாக மாறும். இதன் காய் வாந்தி மருந்தாகவும் மீனை மயக்கிப் பிடிக்கவும் பயன்பட்டது.

உப்பளத்தில் இது வளராது. மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட செம்மண் மேடுகளில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காடே இதற்கு ஏற்ற இடம். விறகுக்காகவும் விளைநிலத்திற்காகவும் அக்காடு அழிக்கப்பட்டது. தெய்வக் குற்றத்திற்கு அஞ்சி மக்கள் வெட்டாமல் விட்ட கோயில் காடுகளில் அது எஞ்சியது. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அவற்றுள் ஒன்று.

1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அம்மேட்டுநிலம் மழைநீர் அரித்த பொட்டலாக இருந்தது. முதலில் வரப்புகள் கட்டி நீர் தேக்கினர். விரைந்து வளரும் வேலமர இனங்களை நட்டனர். அவற்றின் நிழலில் நாட்டு மரங்களும் புதர்களும் வளர்க்கப்பட்டன. 1973-இல் பிச்சாண்டிக்குளம் காடு உருவாகத் தொடங்கியது.

மருக்காரையின் பழுத்த காயிலிருந்து விதையெடுத்துக் கழுவி, நாற்றங்காலில் முளைக்க வைக்கலாம். ஐப்பசி மழையோடு நட்டால் கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.

புதிய காடுகளுக்கான நாட்டு விதைகள் கோயில் காடுகளிலிருந்து திரட்டப்பட்டன. அவையும் அழிந்திருந்தால், நிழல் இருந்தும் நடுவதற்குக் கன்று இருந்திராது.