சேந்தன் என்னும் திருப்பெயர்

ஒரகடத்தை அடுத்துள்ள வல்லக்கோட்டை, அருணகிரிநாதர் திருப்புகழிற் கோடைநகர் என்று போற்றப்பெறும் முருகன் தலமாகும். ஏறத்தாழ 7 அடி உயரத் திருவுருவினராய் நின்றருளும் பெருமானை வழிபடுதற்கு, சுற்றிலும் எழுந்துள்ள தொழிற்சாலைகளிற் பணிபுரிவோரும் குடும்பத்துடன் வருகின்றனர். முருகன் அடியார் தம் மக்கட்குக் குமரன், சுப்பிரமணியன், கார்த்திகேயன், செந்தில் என்று பெயரிடுதல் யாவரும் அறிந்ததே. சேந்தன் என்று இடுவாரோ மிகச் சிலர். செந்தில் என்பதன் வேறு வடிவே சேந்தன் என்று கருதுவாரும் உளர். அது பிழை. செந்தில் என்பது திருச்செந்தூரின் பெயர். புறநானூற்றிலேயே வந்துள்ள ஊர்ப்பெயர். சேந்தன் என்பதோ தொடக்கந்தொட்டே ஆட்பெயர்.

இதன் பொருள் யாது? சேத்தல் என்பது சிவத்தல். கண் சிவந்ததனைக் கண் சேந்தது என்பது பழைய வழக்கு. ஆகவே சேந்தன் என்பான் சிவந்தவன். செவ்வேள், சேய் என்னும் பெயர்கட்கும் இதற்கும் அடி ஒன்றே. தந்தையாகிய சிவபெருமானும் செம்மேனியர் ஆதலின், இப்பெயர் மைந்தர்க்குத் தந்தைவழி வந்த நிறத்தையும் உணர்த்துமென்று கொள்ளுதல் சைவர்க்கு உவப்பாகும்.

இனி, வரலாற்று நூலார் சிலர் பாண்டியன் சேந்தனைச் சயந்தவர்மன் என்று எழுதுகின்றனர். வேள்விக்குடிச் செப்பேட்டில் கடுங்கோன், மாறவர்மன் அவனிசூளாமணி என்போர்க்குப் பின்னர்க் கூறப்படும் செழியன் சேந்தனே அவன். ஜயந்தன் என்னும் வடசொல்லே சேந்தன் எனத் திரிந்தது என்பது அவர் கருத்துப் போலும். ஒலி நோக்கின் அவ்வாறு திரிதல் இயலாததன்று. ஆயினும், இந்திரன் மகனாகிய ஜயந்தனைச் சிலப்பதிகாரம் சயந்தன் என்றே வழங்குகின்றது. மேலும், அப்பாண்டியனுக்கு நெடுங்காலம் முன்னரே குறுந்தொகை 258ஆம் பாட்டில் சேந்தன் தந்தையாகிய அழிசி என்பவன் கூறப்படுகின்றான். புலவர் வரிசையில் சேந்தம்பூதனார், சேந்தங்கண்ணனார், சேந்தங்கீரனார் என்போர் உளர். இவற்றுள் முன்னிற்பது தந்தை பெயராகக் கொள்ளப்படுதலின், சேந்தன் என்ற பெயரினர் அக்காலத்துப் பலராயிருந்தனர் என்பது பெறப்படும். இத்துணைப் பரவிய பெயரை வடசொற்றிரிபு என்றற்குத் தக்க சான்று வேண்டும்.

ஆனால் நாமும் ஓர் எல்லை கடத்தல் ஆகாது. அழிசியின் மகன் முருகன் பெயரையே தாங்கினான் என்று துணிதல் அரிது. செந்நிற மேனியால் அப்பெயர் பெற்றனன் எனினும் அமையும். முருகனுக்கு இப்பெயர் உரியதாதல் ஐயமின்றி விளங்குவது தேவாரத்தில். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவதிகைப் பதிகத்தில் உமையம்மையாரைச் சேந்தர்க்குத் தாய் என்று குறித்தருளினார். பின்னர்க் கந்தரலங்காரத்தில் அருணகிரிநாதர் சேந்தன், கந்தன் என்னும் இரண்டனையும் அடுத்தடுத்து வைத்துப் பாடினார்.

இப்பெயர் பூண்டாருள் அம்பர்ச் சேந்தன் திவாகர நிகண்டு செய்வித்தமையால் அந்நூல் சேந்தன் திவாகரம் எனவும் வழங்கும். எனினும் சைவர் நெஞ்சில் நிற்பவர் ஒன்பதாந் திருமுறைச் சேந்தனாரே. திருவீழிமிழலை, திருவாவடுதுறை, திருவிடைக்கழி என்னும் மூன்று தலங்கட்கும் அவருடைய திருவிசைப்பாக்கள் உள. திருப்பல்லாண்டும் அவர் பெயரால் நிற்பது. அதனை அருளியவர் வேறு சேந்தனார் என்பாரும் உளர். இவற்றுள் திருவிடைக்கழிப் பதிகம் முருகப்பெருமானைப் பற்றியது. ஒன்பதாந் திருமுறையில் முருகனைப் பாடிய பதிகம் அஃதொன்றே. முருகன்பால் மையலுற்ற மகளின் நிலையைத் தாய் கூறுவதாக அமைந்த அதனைப் பாடியவர் சேந்தன் என்னும் பெயரினராதல் எண்ணுந்தோறும் இனிக்கின்றது.

இத்தகைய பெயர் அருகியது ஏன்? எமக்குத் தோன்றுவது இது. மக்கள் பிள்ளைக்கு இடுவது பெரும்பாலும் திருக்கோயிலில் வழங்கும் பெயரையே. வல்லக்கோட்டையிலும் திருச்செந்தூரிலும் சுப்பிரமணியர், பழனியில் தண்டாயுதபாணி, திருவேரகத்தில் சுவாமிநாதர். ஆறுபடைவீடுகளுள் எதனிலும் மூலவர் சேந்தன் என அழைக்கப்பெற்றிலர். அருச்சனையிற் கேளாத பெயர் தொட்டிலுக்கு வருதல் அரிதன்றோ?

இந்நாளில் இப்பெயரை அறிந்தார் பலரும் 1950இல் தொடங்கிய கல்கியின் பொன்னியின் செல்வன் வாயிலாகவே அறிந்தனர். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களால் மேலும் சிலர் அறிந்தனர். அதில் வரும் சேந்தன் அமுதன், தஞ்சையில் இறைவனுக்கு மாலை தொடுத்துத் தேவாரம் பாடும் எளிய தொண்டன். முடிவில் அவனே கண்டராதித்தர், செம்பியன் மாதேவியார் என்போர்தம் மைந்தனும், உத்தம சோழனாய் முடிசூடுவோனும் ஆவான். இது கதை, உத்தம சோழனுக்குச் சேந்தன் என்ற பெயர் உண்மையை வரலாறு கூறவில்லை. ஆயினும் அக்கண்டராதித்தர் கோயிலைப் பாடிய திருவிசைப்பா, சேந்தனார் பாக்கள் உள்ள அதே ஒன்பதாந் திருமுறையிற்றான் இருக்கின்றது.