ஓசி டிக்கெட்!

'கப்பலில் கெய்ரோ வரை போய்ட்டு வாங்க, டிக்கெட் இலவசம்' என்று ஒரு கம்பெனி கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? 1844-ல் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேவை பி அண்டு ஓ கம்பெனி அப்படித்தான் கூப்பிட்டது. சும்மாவா? தபால் சுமக்கும் நீராவிக் கப்பல்களில் உல்லாசப் பயணிகளையும் ஏற்ற அவர்களுக்கு ஆசை. எழுத்தாளர் எழுதினால் விளம்பரம்!

தாக்கரேவுக்குக் கப்பல் புதிதல்ல. கல்கத்தாவில் பிறந்து, ஐந்து வயதில் அம்மாவைப் பிரிந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். (வழியில் செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியனைப் பார்த்தது தனிக்கதை!)

லிஸ்பன், ஏதென்ஸ், ஜெருசலேம், கெய்ரோ என்று சுற்றிவிட்டு 1846-ல் புத்தகம் போட்டார். சமர்ப்பணம் யாருக்கு? அதே கம்பெனியின் கேப்டன் ஒருவருக்கு! அறிஞர் கார்லைலுக்கு இந்த ஓசிப் பயணம் பிடிக்கவில்லை. படகில் பிடில் வாசித்துக் காசு வாங்கும் குருட்டுப் பிச்சைக்காரனோடு தாக்கரேவை ஒப்பிட்டுவிட்டார்.

கொஞ்சம் ஓவர்தான். (பத்திரிகைக்காரன் நான், ஓசி விருந்து சாப்பிட்டவன். வேறென்ன சொல்வேன்?) ஆனால், புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். பளபளவென்று பெயின்ட் அடித்த கேபின் கதவுகள்... அவற்றுக்குப் பின்னால் கடல் நோயில் பயணிகள் போட்ட முனகல்! ஓசி டிக்கெட்காரர் அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்.