பதிமூவாயிரம் என்ன கணக்கு?

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டுப் பையன் ஒருவன், இருபத்தைந்து வயது இருக்கும், ஓர் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினான். "அங்கிள், ஒரு பதிமூவாயிரம் கிடைக்குமா? ஒண்ணாம் தேதி கொடுத்துடறேன்" என்றான்.

வங்கியில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். கடன் கேட்பவர்கள் பத்தாயிரம் கேட்பார்கள், இருபதாயிரம் கேட்பார்கள். பதிமூவாயிரம் என்ன கணக்கு? உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கைபேசியை நீட்டினான். கறுப்புத் திரையில் சின்னச் சிவப்பு விமானம் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. அம்மா சீட்டுக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்த பணத்தை அதில் விட்டிருக்கிறான்.

விளையாட்டு மிக எளிது. விமானம் கிளம்பும்முன் பந்தயம் கட்ட வேண்டும். கிளம்பியதும் ஓர் எண் 1.00 என்று தொடங்கி 1.20, 1.50, 2.00 என்று ஏறும். எந்த நொடியிலும் விமானம் பறந்து மறைந்துவிடலாம். அதற்குமுன் பொத்தானை அழுத்தி இறங்கிவிட்டால் அப்போதைய எண்ணால் பந்தயத் தொகையைப் பெருக்கிக் கொடுப்பார்கள். அழுத்தாமல் இருந்தால் கட்டியது போயிற்று.

பணம் கட்டாமல் ஆடிப்பார்க்கும் வடிவமும் உண்டு. அதில் நானும் சில சுற்று ஆடினேன். 1.40-இல் இறங்கினேன். விமானம் நிற்காமல் 9-ஐத் தாண்டிப் போனது. பொய்ப் பணம்தான், ஆனாலும் "அடடா, விட்டுட்டோமே" என்று மனது அடித்துக்கொண்டது. அடுத்த சுற்றில் பொறுத்திருந்தேன், 1.15-இல் போய்விட்டது. பக்கத்தில் மற்றவர்கள் எவ்வளவு வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள் என்ற பட்டியல் வேறு ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுபதை நெருங்கும் எனக்கே விரல் துடித்தது. அந்தப் பையனைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

அவன் போனபின் தூக்கம் வரவில்லை. கல்லூரியில் கணிதம் படித்தவன் என்பதால், இந்தக் கணக்கை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. பழைய புத்தகங்களைப் புரட்டினேன். இருந்தது. முந்நூறு வருடத்துக்கு மேலாக இருந்திருக்கிறது.

1713-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்கோலஸ் பெர்னூலி, மோன்மோர் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு புதிர் போட்டார். பிற்பாடு அது எடுத்துக்கொண்ட வடிவம் இது: பூவா தலையா போட்டுக்கொண்டே போக வேண்டும். முதல் முறையே தலை விழுந்தால் ஒரு காசு பரிசு. இரண்டாம் முறை விழுந்தால் இரண்டு காசு, மூன்றாம் முறை நான்கு, அப்புறம் எட்டு. தலை விழுந்ததும் ஆட்டம் முடிந்தது. இந்த ஆட்டத்தில் சேர எவ்வளவு கட்டணம் கொடுக்கலாம்? சராசரி போட்டுப் பார்த்தால் பரிசின் மதிப்பு முடிவே இல்லாமல் போகிறது. ஆனால் புத்தியுள்ள எவனும் இருபது காசுகூடக் கொடுக்க மாட்டான். 1738-இல் நிக்கோலஸின் உறவினரான டேனியல் பெர்னூலி இதற்குத் தந்த விளக்கம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்தின் வெளியீட்டில் வந்ததால், புதிருக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

பிரான்சின் இயற்கையியல் அறிஞர் பூஃபோன் இதை விளையாடியே பார்த்துவிடலாம் என்று ஒரு குழந்தையிடம் நாணயத்தைக் கொடுத்து 2,048 ஆட்டம் ஆடவைத்தார். அவர் 1777-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1,061 ஆட்டங்கள் முதல் சுண்டலிலேயே முடிந்தன. 256 காசு வரை போனவை வெறும் 6. மொத்தப் பரிசு 10,057 காசு, அதாவது ஆட்டத்துக்கு ஐந்து காசுக்கும் சற்றுக் குறைவு.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு விமானம் நினைவுக்கு வந்தது. இரண்டு மடங்கை எட்ட ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. நான்கு மடங்கை எட்டக் கால்பங்கு. நூறு மடங்கை எட்ட நூற்றில் ஒன்று. எண் எவ்வளவு பெரிதோ, வாய்ப்பு அவ்வளவு சிறிது. ஒரே ஒரு வித்தியாசம். பெர்னூலியின் ஆட்டத்தில் நின்ற இடத்தில் காசு கிடைக்கும். இங்கே நிற்பதற்குமுன் நாம் இறங்கியாக வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டுச் சூதாடிகளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. தோற்றால் அடுத்த முறை பந்தயத்தை இரண்டு மடங்காக்குவது. என்றாவது ஒரு முறை ஜெயிக்கத்தானே வேண்டும், அப்போது எல்லாம் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை. இதற்கு மார்ட்டிங்கேல் என்று பெயர். வெனிஸ் நகரத்துக் காசனோவா இப்படி ஆடி முதலில் ஜெயித்ததையும், பிறகு காதலியின் பணத்தையும் சேர்த்து இழந்ததையும் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்.

இதைப் படித்தபோதுதான் பதிமூவாயிரத்தின் ரகசியம் விளங்கியது. காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 12,700. எட்டாவது பந்தயம் 12,800. பையன் அந்த எட்டாவது பந்தயத்துக்குத்தான் என் கதவைத் தட்டியிருக்கிறான். அதில் ஜெயித்திருந்தால் மொத்தத்தில் அவனுக்கு மிஞ்சும் லாபம் எவ்வளவு தெரியுமா? நூறு ரூபாய்.

சூதாடிகளின் அந்தச் சொல்லையே கணித மேதைகள் எடுத்துக்கொண்டார்கள். 1939-இல் பிரான்சின் ழான் வில், 1953-இல் அமெரிக்காவின் ஜோசப் டூப் ஆகியோரின் நூல்களால் மார்ட்டிங்கேல் என்பது ஒரு தனிக் கணிதப் பிரிவாகவே வளர்ந்தது. அதில் வரும் தேற்றம் ஒன்றை நம் மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: கையில் இருக்கும் பணத்துக்கு ஓர் எல்லை உண்டென்றால், எப்போது நிறுத்துவது என்று எத்தனை சாமர்த்தியமாகத் திட்டம் போட்டாலும் நியாயமான ஆட்டம் உனக்குச் சாதகமாக மாறாது. சாதகமில்லாத ஆட்டம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு இந்தப் பழைய ஆட்டம் கணினிக்குள் எப்படி வந்தது? பிட்காயின் நாணயத்தை வைத்து ஆடுபவர்களுக்காக 2014-இல் மணிபாட் என்று ஒரு தளம் வந்தது. பின்னாளில் அதன் பெயர் பஸ்டபிட். ஏறும் எண், திடீர் வீழ்ச்சி என்ற அமைப்பு அங்கேதான் பிரபலமானது. ஏமாற்றவில்லை என்று நிரூபிக்க அவர்கள் ஒரு வழி வைத்தார்கள். ஒரு கோடி சுற்றுகளுக்கான முடிவுகளை ஹாஷ் என்னும் கணிதப் பூட்டால் முன்கூட்டியே சங்கிலியாகக் கோத்துவிடுவார்கள். விடைத்தாளை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிட்டுத் தேர்வு நடத்துவது போல. ஆட்டம் முடிந்தபின் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். 2019-இல் ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ஸ்ப்ரைப் நிறுவனம் கோட்டுக்குப் பதில் விமானத்தைப் பறக்கவிட்டு ஏவியேட்டர் என்று பெயர் வைத்தது. அப்புறம் அதைப் போலப் பல வந்துவிட்டன.

முடிவு பூட்டிய உறைக்குள் இருப்பதால், அடுத்த சுற்று எங்கே விழும் என்று சொல்வதாக விற்கப்படும் செயலிகள் எல்லாம் மோசடி. அதே சமயம் ஆட்டம் நேர்மையானது என்பதால் ஆடுபவனுக்கு ஒரு லாபமும் இல்லை. ஏவியேட்டரில் கட்டும் நூறு ரூபாய்க்குச் சராசரியாகத் திரும்புவது 97. இரண்டு மடங்கில் இறங்கத் திட்டமிட்டால் வாய்ப்பு நூற்றுக்கு 48.5. பத்து மடங்கு என்றால் 9.7. எதைப் பெருக்கினாலும் வருவது அதே 97. சரி, பேராசை வேண்டாம், 1.10-இல் இறங்கிச் சில்லறை சேர்ப்போம் என்றால், பத்து முறை தொடர்ந்து தப்பிக்க வாய்ப்பு நூற்றுக்கு 28தான். ஒரு தடவை தவறினால் பத்து வெற்றியின் லாபத்தையும் விழுங்கிவிடும்.

மூன்று ரூபாய்தானே என்று தோன்றலாம். ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள ரூலட் சக்கரத்திலும் நடத்துபவர் பங்கு 2.7 சதவீதம்தான். ஆனால் வேகத்தைப் பாருங்கள். 2003-இல் தடை வரும்வரை இங்கே லாட்டரிச் சீட்டு வாங்கியவன் குலுக்கலுக்காகக் காத்திருந்தான். இங்கே நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றாலே மணிக்கு 120. நூறு நூறாக வைத்தாலும் 12,000 ரூபாய் கைமாறுகிறது. அதில் மூன்று சதவீதம், மணிக்கு 360 ரூபாய் சராசரி நஷ்டம். இத்தனை சுற்றுக்குள் ஏழு தோல்வி அடுத்தடுத்து வருவது ஒன்றும் அதிசயமில்லை.

தமிழ்நாடு 2022-இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் நிறைவேற்றியது. நல்லதுதான். இருந்தாலும் வெளிநாட்டுத் தளங்கள் வேறு வேறு முகவரியில் தலைகாட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. வீட்டிலும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அன்று இரவு நான் பணம் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அந்தக் காகிதத்தை அவனிடம் காட்டினேன். கடைசி வரியில் "லாபம் 100" என்று எழுதியிருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "எப்ப இறங்கணும்னு எனக்குத் தெரியும்னு நெனச்சேன் அங்கிள்" என்றான். பிறகு இருவருமாக மாடிக்குப் போய் அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அந்த அம்மாள் அழுதார், திட்டினார், அப்புறம் இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தார். அந்த மாதச் சீட்டுப் பணத்தை நான் நேராகச் சீட்டு நடத்துபவரிடம் கட்டினேன். பையன் ஆறு தவணையில் எனக்குத் திருப்பிக் கொடுத்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது விநோதமான ஒரு தொகையைக் கடனாகக் கேட்டால், கோபப்படாமல் பக்கத்தில் உட்காரவைத்து என்ன கணக்கு என்று கேளுங்கள்.