பயண இடைநிறுத்தத்தில் தனியே காவிரியில் நீராடச் செல்வோர் கவனத்திற்கு: நோயாளிகளுக்கும் உடன் செல்வோருக்கும் வழிகாட்டுதல்

திருத்தலச் சுற்றுலாப் பேருந்துகளிலும் தொடர்வண்டிகளிலும் வரும் குழுக்கள் ஸ்ரீரங்கத்தில் பெரும்பாலும் சில மணி நேரமே தங்குகின்றன. கோயில் தரிசனத்திற்கென ஒதுக்கப்படும் அந்த நேரத்திற்குள், குழுவிலிருந்து பிரிந்து அம்மா மண்டபம் படித்துறைக்குச் சென்று காவிரியில் நீராடிவிட்டுத் திரும்பப் பலர் விரும்புகின்றனர். அவர்களுள் முதியவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு ஆகியவற்றுக்குத் தொடர்ந்து மருந்து உட்கொள்வோரும் உள்ளனர்.

அந்த விருப்பத்தைத் தடுப்பது இப்பக்கத்தின் நோக்கமன்று. ஆயினும் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். குழுவுடன் இருக்கும்வரை நேரத்தைக் கவனிப்பவர் வழிநடத்துநர். மருந்துப் பை இருப்பது பேருந்தில். மயக்கம் வந்தால் தாங்கிப் பிடிக்க உடன் வந்தோர் உண்டு. தனியே செல்பவர் நேரம், மருந்து, துணை ஆகிய மூன்றையும் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சுருக்கமாக

- நோயாளி ஒருபோதும் துணையின்றி ஆற்றில் இறங்கக்கூடாது.
- மருந்துப் பையைப் பேருந்தில் விட்டுச் செல்லக்கூடாது.
- வெறும் வயிற்றுடன் செல்லக்கூடாது.
- முழுக்குப் போட இயலாதவர்கள் படியில் அமர்ந்து செம்பினால் நீர் மொண்டு குளிக்கலாம்.
- அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

இடமும் ஆறும்

ஸ்ரீரங்கம், தெற்கே காவிரிக்கும் வடக்கே கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு. அம்மா மண்டபம் காவிரியின் வடகரையில் உள்ளது. தெற்கு இராசகோபுரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு. இளைஞருக்குப் பதினைந்து நிமிட நடை. மூட்டுவலியோ மூச்சிரைப்போ உள்ள முதியவருக்கு அரை மணி நேரமும் ஆகலாம். அவர்கள் ஆட்டோவில் செல்வதே நன்று. கோயிலுக்குள்ளும் ஏழு திருச்சுற்றுகளைக் கடக்கும் நீண்ட நடை காத்திருக்கிறது என்பதைக் கணக்கில் கொள்க.

வெளியூரிலிருந்து வருவோர் அறியவேண்டிய முதன்மையான செய்தி, திருச்சியில் காவிரியின் நீர்மட்டம் உள்ளூர் மழையைப் பொறுத்ததன்று என்பதே. மேட்டூர் அணையில் திறக்கப்படும் நீர் சுமார் மூன்று நாட்களில் இங்கு வந்து சேர்கிறது. வழியில் மாயனூர் கதவணையிலும், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மேலணையிலும் நீர் ஒழுங்குபடுத்தப்படுகிறது. ஆகவே வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் ஆறு உயரலாம். வழக்கமாகப் பாசனத்திற்கு அணை திறக்கப்படும் ஜூன் 12க்குப் பிந்தைய மாதங்களில் இதனை மிகவும் கவனிக்கவேண்டும். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளம் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளை உடைத்தது என்பதிலிருந்து இந்நீரின் விசையை உணரலாம்.

நீர் குறைந்த காலமும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. கணுக்கால் அளவு நீரில் நடந்து செல்பவர், மணலில் ஏற்பட்ட பள்ளத்தில் ஓர் அடியில் கழுத்தளவு ஆழத்திற்குச் சென்றுவிட நேரிடும். கொள்ளிடக் கரையில் அறிமுகமில்லாத இடங்களில் இறங்குவதை அறவே தவிர்க்கவும்.

நேரக் கணக்கு

புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சரியான முறை. எடுத்துக்காட்டாக, பேருந்து காலை 8 மணிக்கு இறக்கிவிட்டு நண்பகல் 12 மணிக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். 11.45க்கு வண்டியருகே இருக்கவேண்டும். வரிசையில் நிற்கும் நேரத்தை முன்கூட்டி அறிய இயலாதாகையால், முதலில் படித்துறைக்கும் பின்னர் கோயிலுக்கும் செல்வது நல்லது. காலை வெயில் குறைவு. நீராடிய பின் தரிசனம் என்ற வழக்கத்திற்கும் இது பொருந்தும். 9 மணிக்குக் கரையேறி, உடை மாற்றி, சிற்றுண்டி அருந்தி, 9.45க்குக் கோயிலை அடையலாம். இதற்கு நேரம் போதாதெனில் இரண்டில் ஒன்றை விட்டுவிடவும்.

உடலுக்குப் பெரிய சோதனையாவது பெரும்பாலும் கடைசிக் கால் மணி நேரமே. பேருந்து போய்விடுமோ என்ற அச்சம், உச்சி வெயில், வெறும் வயிறு, வேக நடை ஆகியவை ஒன்றுசேரும்போது இதயம் பெரும் சுமையை ஏற்கிறது. தாமதமானால் ஓடவேண்டாம், தொலைபேசியில் அழைத்துச் சொல்லவும். இதற்காக வழிநடத்துநரின் எண்ணையும், வண்டியின் பதிவெண்ணையும், அது நிற்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவும். கைபேசி நீரில் விழுந்தாலும் தாள் கரையில் இருக்கும்.

ஆடிப்பெருக்கு, ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள், ஐப்பசித் துலா நீராடல், வைகுண்ட ஏகாதசி ஆகிய காலங்களில் கூட்டம் மிகுதி. அந்நாட்களில் மேற்கண்ட கணக்கு பொருந்தாது. இதய நோயாளிகள் அந்நாட்களில் தனியே பிரிந்து செல்வதைத் தவிர்க்கலாம்.

கையில் இருக்கவேண்டியவை

- அன்றைய மருந்துகளும், கூடுதலாக ஒரு நாள் மருந்தும், நீர் புகாத பையில்.
- மருந்துச் சீட்டின் நகல். அதில் நோயின் பெயர், ஒவ்வாமை, உறவினர் தொலைபேசி எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கவேண்டும்.
- சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொட்டலம், ரொட்டி, குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம்.
- மாற்றுடை, துண்டு, தொப்பி அல்லது குடை.

இன்சுலினை மூடிய பேருந்தில் விட்டுச் செல்லவேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டியினுள் வெப்பம் மிகுந்து மருந்தின் ஆற்றல் குறைந்துவிடும். ஈரத்துணி சுற்றிய சிறு பையில், இன்சுலின் குப்பியில் ஈரம் படாதவாறு வைத்து உடன் எடுத்துச் செல்லவும்.

நோய்வாரியான அறிவுரைகள்

*நீரிழிவு:* நீராடி, தரிசனம் முடித்த பின்பே உண்பது பலரின் வழக்கம். முன்னோர் கடன் செலுத்த வருவோர், தர்ப்பணம் முடியும்வரை உண்பதில்லை. ஆனால் இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ உட்கொண்டுவிட்டு உண்ணாதிருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். குளித்த உடலில் வியர்வை எளிதில் தெரியாது. குளிர் நடுக்கம் எனத் தவறாகக் கருதப்படவும் கூடும். விரதம் இருக்க எண்ணினால், பயணத்திற்கு முன்பே மருத்துவரிடம் கூறி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிப் பெறவும். தாமாக மாற்றவேண்டாம்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெயிலில் காய்ந்த கல் தளத்தில் வெறுங்காலுடன் நடந்தால் கொப்புளம் உண்டாவதை அறியமாட்டார்கள். படித்துறையின் விளிம்புவரை காலணி அணிந்து செல்லவும். கோயிலுக்குள் தடித்த பருத்திக் காலுறை அணிய இயலுமா எனக் கேட்டறியவும். அன்றிரவு இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும், தேவையெனில் கண்ணாடி வைத்து, பார்க்கவும்.

*இரத்த அழுத்தமும் இதய நோயும்:* சிறுநீர் கழிக்க இடமிராதே என்று அஞ்சிப் பலர் பயண நாளில் நீர் பிரியும் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். சிலர் நீர் அருந்துவதையே குறைக்கின்றனர். இரண்டும் தீங்கு. மாத்திரையின் நேரத்தை மாற்ற இயலுமா என மருத்துவரைக் கேட்கவும். நீரில் திடீரென மூழ்கவேண்டாம். முதலில் கால், பின்னர் கை, முகம் என நனைத்துப் பழகவும். எழும்போது ஒரு கணம் நின்று, துணையின் கையைப் பற்றிப் படியேறவும். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்களும், சில அடி நடந்தாலே மூச்சு வாங்குபவர்களும் ஆற்றில் இறங்கவேண்டாம்.

*வலிப்பு:* நோய் கட்டுப்பாட்டில் இருந்தாலும் ஆற்றில் முழுக்கு வேண்டாம். பயணத்தில் உறக்கம் கெடுவதும், மருந்து வேளை தவறுவதும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. முழங்கால் அளவு நீரிலும் வலிப்பு வந்தால் மூச்சுத் திணறி உயிரிழக்க நேரிடலாம். மேல்படியில் அமர்ந்து செம்பு நீரில் குளிக்கவும்.

*சிறுநீரக நோய்:* டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டவர்கள் அப்பகுதி ஆற்று நீரில் நனையாமல் காக்கவேண்டும். நீர் அருந்தும் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் உப்புச் சர்க்கரைக் கரைசலை மருத்துவர் அனுமதியின்றி அருந்தவேண்டாம்.

*ஆறாத புண், அறுவைக் காயம், செவிப்பறைத் துளை:* இவை உள்ளவர்கள் மூழ்கவேண்டாம். நீராடிய சில வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் தசைவலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றினால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் கூறவும். எலிக்காய்ச்சலைக் கண்டறிய அது உதவும்.

*இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர்:* பாசி படிந்த படியில் வழுக்கித் தலையில் அடிபட்டால், காயம் சிறிதாயினும், தலைவலி இல்லாவிடினும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

உடன் செல்பவரின் பொறுப்பு

நோயாளியும் துணையும் ஒரே நேரத்தில் மூழ்கக்கூடாது. ஒருவர் நீரில் இருக்கும்போது மற்றவர் அதற்கு மேல்படியில் நின்று, கைக்கெட்டும் தொலைவில் கவனிக்கவேண்டும். புகைப்படம் எடுத்தல், பை காத்தல், தொலைபேசி பேசுதல் ஆகியவை அந்தச் சில நிமிடங்களுக்கு வேண்டா. தடுப்பைத் தாண்டவேண்டாம், காவல்துறையோ மாநகராட்சிப் பணியாளரோ இறங்கவேண்டாம் என்று கூறினால் அதனை ஏற்கவும்.

அவசர நிலையில் செய்யவேண்டியவை

*நீரில் ஒருவர் தத்தளித்தால்:* நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்கக்கூடாது. உரக்கக் குரல் கொடுத்து, வேட்டி, சேலை, துண்டு, கயிறு ஆகியவற்றுள் கிடைத்ததை எறிந்து இழுக்கவும். கரை சேர்த்ததும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயலவேண்டாம். தலைகீழாகத் தூக்கவும் வேண்டாம். மூச்சு இல்லையெனில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சளிக்கவும். பின்னர் மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வீதம் அழுத்தவும். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்ற முறையில் தொடரவேண்டும். மூச்சளிக்க அறியாதவர்கள் மார்பு அழுத்தத்தையேனும் நிறுத்தாமல் செய்யவும். அதே வேளையில் மற்றொருவர் 108ஐ அழைக்கவேண்டும். தெளிந்து எழுந்து பேசினாலும் மருத்துவமனையில் கண்காணிப்பு தேவை; நுரையீரலில் புகுந்த நீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

*சர்க்கரை குறைந்தால்:* நினைவுடன் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கவும். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுத்து, பின்னர் உணவளிக்கவும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

*மார்புவலி வந்தால்:* உடனே அமரவைக்கவும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை மருத்துவரால் முன்பே தரப்பட்டிருந்தால் அமர்ந்த நிலையில் வைக்கவும். 5 நிமிடத்தில் வலி குறையாவிடில் 108. பேருந்தில் ஏறி அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணவேண்டாம்.

ஸ்ரீரங்கத்தில் அரசு மருத்துவமனை உள்ளது. உயர் சிகிச்சைக்கு, திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை உள்ளது. இரண்டிற்கும் இடையே காவிரிப் பாலத்தின் போக்குவரத்து நெரிசல் உண்டாகையால், வாடகை வண்டி தேடுவதைவிட முதலில் 108ஐ அழைப்பதே நன்று.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*தந்தையாருக்கு 78 வயது. முழுகியே ஆகவேண்டும் என்கிறார். என்ன செய்வது?*
மறுத்துப் பேசுவதைவிட மாற்று வழி காட்டுவது பயன் தரும். மேல்படியில் அமரச் செய்து, காவிரி நீரைச் செம்பில் எடுத்துத் தலையில் ஊற்றவும். நீர் மிகுந்த நாளில் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும் என முதியோர் பலர் ஏற்றுக்கொள்கின்றனர்.

*நான் நன்றாக நீந்துவேன். எனக்கும் துணை வேண்டுமா?*
வேண்டும். மயக்கமோ மார்புவலியோ வரும்போது நீச்சல் திறன் உதவாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர்.

*பேருந்து புறப்பட்டுவிட்டால்?*
நிழலில் அமர்ந்து நீர் அருந்தி, வேளை மருந்தை உட்கொண்ட பின் வழிநடத்துநரை அழைக்கவும். தொடர்வண்டி தொடர்பான உதவிக்கு 139. தவறிய பேருந்தை அடுத்த ஊரில் பிடிக்கலாம். மருந்துப் பை கையில் இருப்பின் அவசரம் ஏதுமில்லை.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். தங்களுக்கான அறிவுரையை, பயணத்திற்குச் சில நாட்கள் முன்னரே தங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமோ அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெற்றுக்கொள்ளவும்.