அளவுகோலும் குழந்தையும்

"இவன் மந்தபுத்தியுள்ளவன்" என்று பள்ளி கூறிய தீர்ப்போடு பெற்றோர் ஆயரை அணுகுவதுண்டு. அத்தீர்ப்பு எந்த அளவுகோலால் அளந்து கூறப்பட்டது என்று கேட்க வேண்டுமாயின், அவ்வளவுகோலின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

1905-ஆம் ஆண்டு பாரிசில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவரும் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டனர். படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து தனிக்கவனம் அளிப்பதே அதன் நோக்கம். நுண்ணறிவு என்றும் மாறாத ஒன்று என்னும் கருத்தைப் பினே மறுத்தார். ஆனால் 1911-இல் அவர் மறைந்தபின், அமெரிக்காவில் அதே சோதனை மனிதரைத் தரம் பிரித்து ஒதுக்கும் கருவியாயிற்று. 'அறிவுக்குறை' உடையோர் எனப்பட்டவர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் செல்லும் என்று 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி ஒரு மிஷனெரிக் கல்வியாளர். லாகூரில் பணிபுரிந்த ஹெர்பர்ட் ரைஸ் அமைத்த இந்துஸ்தானிச் சோதனை 1929-இல் நூலாக வெளிவந்தது. வி. வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கெனப் பினே சோதனையைத் திருத்தியமைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை தோன்றியது. 1955-இல் சி. எம். பாட்டியா எழுத்தறியாதார்க்கும் ஏற்ற செயற்சோதனைகளைத் தொகுத்தார். 1969-இல் நாகபுரியில் மாலின், வெக்ஸ்லரின் சோதனையை இந்தியச் சிறார்க்கு ஏற்ப மாற்றியமைத்தார். வினாக்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. எந்தப் பிள்ளைகளை அளக்கிறோமோ அவர்களிடையே சோதனையைத் தரப்படுத்தவும் வேண்டும் என்பதே இம்முயற்சிகள் உணர்த்தும் பாடம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இப்பாடம் இன்னும் கூர்மை பெறுகின்றது. தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டுமொழியாக வழங்கும் நெசவாளர் குடும்பங்கள் இங்குப் பல. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பயிலும் சிறுமியை ஆங்கில வினாக்களால் மட்டும் சோதித்தால், குறைந்த மதிப்பெண் அவளுடைய அறிவின் அளவா, மொழிப்பழக்கத்தின் அளவா? மேலும், நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பொதுத்தேர்வு மதிப்பெண்களால் பெயர் பெற்றவை. பொதுத்தேர்வு முடிவுகளில் தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியது; எனினும் மதிப்பெண்ணையே பிள்ளையின் மதிப்பாகக் கொள்ளும் மனப்பாங்கு எளிதில் அகலாது. எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை அறிவிற் குறைந்ததன்று. கற்றல் குறைபாடு வேறு, அறிவுசார் குறைபாடு வேறு.

ஆகவே சோதனையை வெறுத்தொதுக்குதல் நம் பணியன்று. பயிற்சி பெற்றவர், பிள்ளைக்குப் பழகிய மொழியில், அதைச் செய்தனரா என்று கேட்போமாக. அதன் முடிவால் பிள்ளைக்குக் கிடைக்கும் உதவி யாது என்றும் கேட்போமாக. பினே தொடக்கத்தில் கேட்டதும் இக்கேள்வியே.