கருவி யார் கையில்?

1968ஆம் ஆண்டு ஒக்டோபரில் மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் விஞ்ஞானக் குழு ஒரு மாநாட்டைக் கூட்டியது. கணினிகளின் ஆற்றல் பெருகிக்கொண்டே போக, அவற்றை இயக்கும் மென்பொருளோ காலந் தாழ்த்தியும் செலவு மிஞ்சியும் பிழை மலிந்தும் வந்துகொண்டிருந்தது. இந்நெருக்கடிக்கு மருந்தாக அங்கு முன்வைக்கப்பட்ட பெயரே 'மென்பொருட் பொறியியல்'.

அதே ஆண்டு மார்ச்சில் ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்திரா, நிரலைக் கண்டபடி தாவச்செய்யும் கட்டளையைக் கண்டித்து எழுதியிருந்தார். மனித அறிவுக்கு எல்லையுண்டு. ஆதலால் மனிதன் விளங்கிக்கொள்ளத்தக்க ஒழுங்கிலே நிரல் அமையவேண்டும் என்பது அவர் கருத்து. கட்டமைப்பு முறை இந்த அடக்கத்திலிருந்து வளர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால், நிறுவனங்களுள் நுழைந்ததும் அதற்கு வேறு முகமும் வாய்த்தது. சிந்தனையைத் தொழிலாளியிடமிருந்து பிரித்து நிர்வாகத்திடம் ஒப்படைக்கும் கொள்கையை 1911இல் பிரடெரிக் ரெய்லர் நூலாக்கியிருந்தார். அப்பிரிவினையின் விளைவை 1974இல் ஹரி பிரேவர்மன் அம்பலப்படுத்தினார். 1977இல் பிலிப் கிராப்ட், நிரலாளரின் தொழிலும் அவ்வாறே துண்டாடப்படுகிறது என்றும், கட்டமைப்பு நிரலாக்கம் அதற்குத் துணைபோகிறது என்றும் வாதிட்டார்.

1980களில் பிரித்தானிய அரசாங்கம் 'எஸ்.எஸ்.ஏ.டி.எம்.' என்ற கட்டமைப்பு முறையைத் தன் கணினித் திட்டங்களுக்கு விதித்தது. தரவு செல்லும் வழியைக் காட்டும் வரைபடங்கள் குவிந்தன. ஒன்றைத் திருத்தினால் அதனோடு தொடர்புற்ற பலவற்றையும் திருத்தவேண்டும். இச்சுமையைக் குறைக்கவே 'கேஸ்' எனப்பட்ட கருவிகள் வந்தன. அவை வரைபடம் வரைந்தன. ஒரு படத்திலுள்ள பெயர் தரவு அகராதியில் உண்டா என்று சரிபார்த்தன. வரைபடத்திலிருந்து நிரலே பிறக்கும் என்றும் வணிகர் வாக்களித்தனர்.

1989இல் ஐ.பி.எம். நிறுவனம் எல்லாக் கருவிகளையும் ஒரே களஞ்சியத்தோடு இணைக்கும் பெருந்திட்டத்தை அறிவித்தது. சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. காரணத்தை 1986இலேயே பிரெட் புறூக்ஸ் சுட்டியிருந்தார்: எழுதிக்காட்டுவதிலன்று, எது வேண்டுமென்று எண்ணித் தெளிவதிலேதான் கடினம் இருக்கிறது. அந்தத் தெளிவை எந்தக் கருவியும் விற்கவில்லை.

கருவி தீங்கானதென்று நாம் கூறவில்லை. சரிபார்க்கும் சலிப்பான வேலையை அது ஏற்றது நன்மையே. உழைப்பவன் தன் எண்ணத்தைக் கூர்மையாக்க அதனைக் கையாள்கிறானா, அவனை எண்ணவிடாது செய்ய நிர்வாகம் அதனைக் கையாள்கிறதா என்பதே வினா. நிரலைத் தானே எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோடு அதே வாக்குறுதி இன்று மீண்டும் ஒலிக்கிறது. மாணவர்க்கு அவற்றை இயக்கக் கற்பிக்கும் ஆசிரியர்கள், இவ்வினாவை எழுப்பவும் கற்பிப்பார்களாக!