பதினோராம் நாளும் ஒரு பூங்காவும்

போன சாரல் சீசனில் தென்காசியில் இரண்டு நாள் பயிற்சி முகாம் நடத்தினோம். முடிந்ததும் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் குளிக்க அழைத்துப் போவதாகப் பேச்சு. தங்குவதற்கு ஒரு நடுத்தர லாட்ஜில் போய் நின்றோம். அடையாள அட்டை கேட்டார்கள். முதல் முறையாக லாட்ஜ் வாசலை மிதித்த கல்லூரித் தம்பி ஒருவன் என் காதருகே வந்தான்: "அண்ணே, ஆதார்தான் குடுக்கணுமா? அதுல எங்க தெரு பேரு இருக்கு. காலேஜ் ஐடி குடுத்தா போதாதா?"

அவனிடம் யாரும் சாதியைக் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே அவன் ஒளிந்துகொள்ள இடம் தேடினான். இந்தத் தயக்கத்துக்கு வயது நூறுக்கு மேல் தோழர்களே.

1917. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கருக்கு அப்போது வயது 26. தன்னைப் படிக்கவைத்த பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்தார். இந்து விடுதிகளில் தீண்டப்படாதவருக்கு இடம் கிடையாது. பார்சிகளின் விடுதி ஒன்றுக்குப் போனார். பார்சி அல்லாதவருக்கு அங்கே அறை இல்லை. கடைசியில் ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது என்று காப்பாளரோடு பேசி முடித்தார். நாளுக்கு ஒன்றரை ரூபாய். வேறு யாரும் தங்காத மாடி. மின்விளக்கு இல்லை. இரவில் ஒரு அரிக்கேன் விளக்கு.

பதினோராம் நாள் காலை அலுவலகம் கிளம்பும் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிகளோடு மாடியேறி வந்தார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணல் இரண்டு நண்பர்களைத் தேடிப் போனார். ஒருவர் இந்து, அண்ணல் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் பிராமணராக இருந்து கிறித்தவரானவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். மதம் மாறியும் சாதி மாறவில்லை.

பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை எங்கே போவது? காமாட்டி பாக் என்ற பூங்காவில் போய் உட்கார்ந்தார். 1879-இல் உருவான, நூறு ஏக்கருக்கும் பெரிய அந்தப் பொதுப் பூங்காவின் இன்றைய பெயர் சாயாஜி பாக். வெளிநாட்டில் படித்தவருக்கு அந்த நகரத்தில் மிஞ்சியது மரத்தடி மட்டும்தான். இதையெல்லாம் அவரே பின்னாளில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் எழுதினார்.

1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், விடுதியில் இடம் மறுப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, உணவகம், ஹோட்டல் ஒரு பக்கம். கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடங்கள் மறுபக்கம். அவரை விரட்டிய விடுதியும் அவர் உட்கார்ந்த பூங்காவும் ஒரே பிரிவுக்குள் வருகின்றன. கடை என்றால் எதுவரை என்று சபையில் கேட்டபோது, சேவை தரும் இடங்களும் அதில் அடங்கும் என்று விளக்கியவரும் அவரே.

1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. இன்று அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். ஹோட்டலிலும் தர்மசாலையிலும் தீண்டாமையால் இடம் மறுப்பது அதன் 4-ஆம் பிரிவில் குற்றம். ஆற்றுக்கும் ஓடைக்கும் சுனைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. அப்படியானால் லாட்ஜ் அறையும் அருவித் தண்ணீரும் நமக்கு யாரும் போடும் பிச்சை அல்ல.

சட்டம் வந்துவிட்டது, முகவரி இன்னும் சாதியைச் சொல்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததே 2025-இல்தான். சொல்லை நீக்குவது நல்லது. ஆனால் அந்தத் தெருவில் பிறந்ததற்காக நாம் கூச வேண்டியதில்லை.

இடம் மறுத்தால் சண்டை போட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். நாள், நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் வன்கொடுமைத் தடுப்புக்கான கண்காணிப்புக் குழு உண்டு. அங்கும் மனு போடுங்கள்.

அன்று அந்தத் தம்பியிடம் நான் பரோடா கதையைச் சொல்லவில்லை. "ஆதாரையே குடு, நான் பக்கத்துல நிக்கேன்" என்றேன். கொடுத்தான். ரிசப்ஷனில் இருந்தவர் முகவரியைப் படித்தார், ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார், பிறகு சாவியைக் கொடுத்தார். பதிவேட்டில் தன் பெயரையும் தெருவையும் தம்பி முழுசாக எழுதினான். பரோடாக் கதையை மறுநாள் ஐந்தருவிக்குப் போகும் வழியில் எல்லோருக்குமாகச் சொன்னேன்.